அம்மாசி சொன்ன பொய்

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அன்று ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு சமூகத்தார் ஊர் ஊராக மறியல் செய்துகொண்டிருந்தார்கள். சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. வெறிச்சோடிக் கிடந்த அந்தத் தெருவில் ராஜாம்பாள் வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள். காலையில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியவள். கச்சிராயபாளையத்துப் பால்காரர் ஒருவர் இரக்கப்பட்டுச் சைக்கிளில் ஏற்றி வந்து ஊர் எல்லையில் விட்டிருந்தார்.

ஊரை ஒட்டிய ஏமப்பேரில் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் கண்ணாயிரத்தின் வீடு என்று கேட்டதும் கைகாட்டிவிட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் அவர் யாரையும் அடித்ததில்லை என்றும், அடிக்காமலே உண்மையை வாங்கிவிடுவார் என்றும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது முற்றத்தில் கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு டம்ளரும் தெரிந்தன. மனைவி இல்லாத வீடு என்பது சொல்லாமலே விளங்கியது.

அவரோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெயர் அறிவுச்செல்வன். கடலூரில் ஜூனியராக இருந்துவிட்டுச் சொந்த ஊரில் போர்டு மாட்டிய புது வக்கீல். கோர்ட் நடக்காததால் பொழுதுக்கும் இங்கேதான். கண்ணாயிரத்தின் பழைய வழக்குகளைக் கேட்டுக் கேட்டுத் தானும் பாதித் துப்பறிவாளன் ஆகிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

"சார்," என்றாள் ராஜாம்பாள். "செய்யலன்னு சொல்றவங்களுக்காகத்தான் உங்ககிட்ட வருவாங்க. நான் வந்திருக்கிறது, செஞ்சேன்னு சொல்றவருக்காக. அவர் பொய் சொல்றார்."

கண்ணாயிரம் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "குடிங்கம்மா. அப்பறம் மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். கோமுகி அணைக்கு மேலே, மலையில், பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே பம்புசெட் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றான காயில் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ராஜாம்பாள் அதன் விடுதிக் காப்பாளர். திருநாவலூர்க்காரி. கட்டடமும் கருவிகளும் ஐரோப்பாவில் ஒரு நாட்டின் அரசு வளர்ச்சி வங்கி கொடுத்த பணத்தில் வந்தவை.

"அந்த ஊரு பேங்குக்கு நம்ம மலையில இன்னா வேலை?" என்று அறிவுச்செல்வன் குறுக்கே கேட்டான்.

"அது நாம கணக்கு வச்சிருக்கிற மாதிரி பேங்க் இல்ல. கவர்மெண்ட்டோடது. வேற நாடுங்கள்ல பள்ளிக்கூடம், பயிற்சிக்கூடம் கட்டறதுக்குன்னே பணம் தர்றது. வருஷத்துக்கு ஒரு பொண்ண அவங்க நாட்டுக்கே கூப்பிட்டுப் பெரிய பயிற்சி குடுப்பாங்க. அந்த ஒரு இடத்துக்குத்தான் இந்த வருஷம் பெரியம்மாளப் பார்த்து வச்சிருந்தோம். மலைப் பொண்ணு. எங்க காவலாளி அம்மாசியோட மக."

வங்கியின் அதிகாரி வந்து பெரியம்மாள் காயில் கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் பெரியம்மாளுக்கு வெளிநாடு. நிலையத்துக்கும் புது விடுதி. அதிகாரி வருவதாக இருந்ததற்கு முதல்நாள் மாலை எல்லோர் முன்னாலும் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். பம்பரமாகச் சுற்றியது. நிறுத்திய சற்றைக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது. பெரியம்மாள் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போக, அவளுடைய சிநேகிதி மலர்விழி மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்தாள். பிறகு அம்மாசி பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பட்டறைக்குச் சாவி அது ஒன்றுதான்.

"காலையில பயிற்சியாளர் தனகோட்டி சுவிட்சப் போட்டார். மோட்டார் சுத்தல சார். உறுமுச்சு. தீஞ்ச வாடை வந்துச்சு. உடனே நிறுத்திட்டார். எரிஞ்சு போச்சு, ராத்திரி யாரோ உள்ள பூந்து நாசம் பண்ணிட்டாங்கன்னு கத்தினார். சாவி இருந்தது அம்மாசிகிட்ட. பொண்ணக் கடல் தாண்டி அனுப்ப மனசில்லன்னு அவரே ஊரெல்லாம் சொல்லியிருக்கார். போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு மோட்டாரச் சாக்குல கட்டிப்போட்டு, அம்மாசிய ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிட்டார் தனகோட்டி. அம்மாசியும் ஆமா, நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டார்."

"பொண்ணு இன்னா சொல்லுது?"

"வாயே திறக்கல. மலர்விழிதான் அழுதுகிட்டே, மாத்திட்டா சரியாப்பூடும் டீச்சர், மாத்திட்டா சரியாப்பூடும்னு என் கையப் புடிச்சிகிட்டா. மாத்தறதுக்கு எங்ககிட்ட வேற மோட்டார் ஏது? ஓடறது அது ஒண்ணுதான்."

"இந்த மலர்விழிக்கு அந்த இடத்து மேல ஆசை உண்டா?" என்று வக்கீல் ஆவலோடு கேட்டான்.

"பெரியம்மாளுக்கு அடுத்தபடி நல்லாச் செய்யறது அவதான். ஆனா எனக்கு வேணாம்னு ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. அவளுக்கு இதுல ஒரு லாபமும் இல்ல."

அதிகாரி விழுப்புரத்தில் தங்கியிருந்தார். சாலை திறந்ததும் மலையேறி வருவார், போலீசும் வரும். அதற்குள் உண்மை தெரியாவிட்டால் அம்மாசிக்குச் சிறை, வங்கிப் பணம் நின்று பெண்கள் அவரவர் வீட்டுக்கு. கண்ணாயிரம் உள்ளே போய்த் தன் மறைந்த மனைவியின் பழைய செருப்பு ஜோடியைத் தேடி எடுத்துவந்து ராஜாம்பாளின் காலடியில் வைத்தார்.

மூவரும் இரண்டு சைக்கிள்களில் கச்சிராயபாளையம் வரை போய், அங்கிருந்து நடந்து மலையேறினார்கள். முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் இளகிக் கிடந்தது. அடிவாரத்துச் சாலையை மறித்துக் கிடந்த மரங்களில் பச்சை மரத்தின் வாடை இன்னும் போகவில்லை. கண்ணாயிரம் வழியில் கேட்டதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளாகவே ராஜாம்பாளுக்குப் பட்டன.

"அந்த அதிகாரி இதுக்கு முன்னாடி வந்திருக்காரா?"

"ஒரு தடவை வந்தார். ஒவ்வொரு பொண்ணையும் கூப்பிட்டு, பயிற்சி முடிஞ்சா எங்க போவேன்னு கேட்டார். படிச்சவங்க அப்பறம் இன்னா ஆனாங்கன்றதுதான் அந்த பேங்குக்கு முக்கியமாம். எல்லாரும் அவங்கவங்க ஊரச் சொன்னாங்க. மலர்விழி மட்டும் சும்மா சிரிச்சா."

"லீவு விட்டா ஹாஸ்டல்ல யார் இருப்பாங்க?"

"நானும் மலர்விழியும். சில சமயம் பெரியம்மாள் அவளத் தன் வூட்டுக்குக் கூப்பிட்டுக்கினு போயிடுவா."

"நீங்க ரெண்டு பேரும் மட்டும் இருக்கறப்ப ஒண்ணாதான் சாப்பிடுவீங்களா?"

"அவ ஹாஸ்டல்ல. நான் என் ரூம்ல," என்றாள் ராஜாம்பாள். சொன்ன பிறகு அது அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

ஸ்டோர் ரூமில் அம்மாசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாயிரம் அவர் எதிரே தரையில் அமர்ந்தார்.

"எப்பிடிச் செஞ்ச அம்மாசி?"

"கதவத் தொறந்தேன் சாமி. கொடுவாளால கம்பிய வெட்டினேன். மறுபடி மூடிட்டு வந்துட்டேன்."

"எத்தினி கம்பி?"

"கைக்கு வந்தத வெட்டினேன்."

"பொண்ணு போறது புடிக்கலியா?"

"எப்பிடி சாமி புடிக்கும்? பெத்தவளும் போயிட்டா. இதுவும் போயிட்டா வூட்ல நானும் நாயுந்தான்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "நான்தான்னு ஆயிட்டா, பொண்ணு மேல தப்பு இல்லன்னு ஆயிடுமில்ல? அத்த அனுப்பிடுவாங்க இல்ல?"

கண்ணாயிரம் அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

பெரியம்மாள் தண்ணீர்த் தொட்டியருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள். கண்ணாயிரம் கேட்கும் முன்பே சொன்னாள்: "எங்கப்பா ஒண்ணும் செய்யலீங்க. நான் காயில் கட்டினதுதான் சரியில்ல. அதான் எரிஞ்சு போச்சு."

"நேத்து நல்லா ஓடிச்சாமே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தவள் மலர்விழி. ஒடிசலான பெண். கண்கள் வீங்கியிருந்தன.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"தியாகதுருகம் பக்கங்க."

"யாரெல்லாம் இருக்காங்க?"

"கரும்பு வெட்டப் போன எடத்துல எங்கம்மா தவறிட்டாங்க. அப்பா அப்பிடியே வேற எங்கியோ போயிட்டாரு. இப்ப அங்க யாரும் இல்லீங்க."

"மோட்டார மூடினது நீதானே?"

"ஆமாங்க. பெரியம்மாளு சோறு எடுத்துக்கினு போயிடுச்சு. நான் மூடிட்டு வந்தேன்."

அப்போது அறிவுச்செல்வன் மூச்சிரைக்க ஓடி வந்து கண்ணாயிரத்தின் கையைப் பிடித்து இழுத்தான். தனகோட்டியின் அறை வாசலில் கிடந்த செருப்புகளைக் காட்டினான். அடியில் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. அந்த மண்ணோடு மண்ணாக வெளிறிய மரத்தூள்.

"ராத்திரி முழுக்க ரூம்லயே தூங்கினேன்னார் சார் அந்த ஆளு. பொய்! வெளிய போயிருக்கார். 'எங்க சனம் இடம் கேட்டா தடியடி, மலைக்காரிக்கு வெளிநாடா'ன்னு இவர் பேசினத நாலு பொண்ணுங்க கேட்டிருக்காங்க. இவர்தான் சார்!"

"பொய்தான்," என்றார் கண்ணாயிரம் அமைதியாக. "ஆனா தம்பி, காயில் கட்டற பட்டறையில மரத்தூள் ஏது?"

அறிவுச்செல்வன் செருப்பை மறுபடி குனிந்து பார்த்தான்.

மாலையில் எல்லோரையும் பட்டறைக்கு வரச் சொன்னார் கண்ணாயிரம். அம்மாசியையும் அழைத்துவந்தார்கள். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நடுவில் சாக்குக் கட்டோடு மோட்டார் இருந்தது.

"மாஸ்டர், இந்த முடிச்சு நீங்க போட்டதுதானே? அதுக்கப்பறம் யாரும் தொடல?"

"தொடல சார்," என்றார் தனகோட்டி.

"மோட்டார் நின்னு போச்சுன்னா ஒரு பயிற்சியாளர் மொதல்ல மூடியத் திறந்து பார்ப்பார். நீங்க பார்க்கல. ஏன்னா அப்ப உங்க மனசு மோட்டார்ல இல்ல. ராத்திரி நீங்க அடிவாரத்துல, மறியல்ல, மரம் வெட்டற எடத்துல இருந்தீங்க. உங்க செருப்பு சொல்லுது. நீங்க வெளிய போனதப் பார்த்த ஒரே ஆள் ராத்திரி வாசல்ல இருந்த காவலாளி அம்மாசி. அவர் பேச்ச யாரும் நம்பாத மாதிரி ஆயிட்டா உங்களுக்கு நிம்மதி."

தனகோட்டி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எங்க சனத்துக்கும் ஒரு இடம் வேணும்னுதான் சார் போனேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். ஆனா மோட்டாரு மேல நான் கைய வைக்கல சார், சத்தியமா."

"தெரியும். அங்க இருந்தவர் இங்க இருந்திருக்க முடியாது. உங்களக் காட்டிக்குடுத்திருந்தா அம்மாசி தப்பிச்சிருக்கலாம். அவர் அதையும் செய்யல."

தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாயிரம் சாக்கை அவிழ்த்தார்.

"இப்ப இதைத் திறங்க. இன்னா கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க."

மோட்டாரின் பக்கவாட்டில் கம்பி முனைகள் வந்து சேரும் சிறிய பெட்டியின் மூடியைத் தனகோட்டி கழற்றினார். குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஒரு கம்பியும் வெட்டுப்படல சார். காயிலும் எரியல. நீலக் கம்பியோட தலைப்பு முனையும் கடைசி முனையும் மட்டும் இடம் மாறியிருக்கு, அதான் சுத்தாம உறுமியிருக்கு. அவ்ளோதான். மாத்திட்டா சரியாப்பூடும்."

ராஜாம்பாளுக்கு யாரோ முதுகில் தட்டியது போலிருந்தது. இதே வார்த்தை. இதே வார்த்தையைச் சொல்லி அழுதுகொண்டே ஒருத்தி தன் கையைப் பிடித்திருந்தாள். அவள் மலர்விழியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

கண்ணாயிரம் தொடர்ந்தார். "கொடுவாளால வெட்டினேன்னார் அம்மாசி. வெட்டே இல்ல. அப்ப அவர் எதுக்குப் பொய் சொன்னார்? தன்னத் தனியா விட்டுட்டுப் போக மனசு வராம பொண்ணே இதச் செஞ்சிடுச்சுன்னு நெனச்சார். பொண்ணு எதுக்குத் தன் வேலையே சரியில்லன்னு சொல்லிச்சு? அப்பாதான் செஞ்சுட்டார்னு அது நெனச்சுது. அது செஞ்சிருந்தா, அப்பா மேல பழி விழுந்ததுமே மூடியத் திறந்து ஒரு நொடியில சரி பண்ணிக் காட்டியிருக்கும். ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தறதா நெனச்சுக்கினு ரெண்டு பேரும் பேசாமலே இருந்துட்டாங்க."

அம்மாசி மகளைப் பார்த்தார். பெரியம்மாள் அவர் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றாள்.

"ஆனா கதவு பூட்டியிருந்ததே சார்?" என்றான் அறிவுச்செல்வன்.

"சாயங்காலம் ஓடிச்சு, காலையில ஓடல. அதனால ராத்திரிதான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. மோட்டார நிறுத்தினதுக்கும் கதவப் பூட்டினதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்ப உள்ள இருந்தது யாருன்ற செய்தி மொதல்லயே நம்ம காதுல விழுந்துச்சு, நாமதான் விட்டுட்டோம். எரிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தப்ப, மூடியத் திறக்காமலே ஒருத்தர் மட்டும் மாத்திட்டா சரியாப்பூடும்னு சொன்னாங்க. வேற மோட்டார் இல்லாத எடத்துல எத மாத்தறது? கம்பியத்தான்."

மலர்விழி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏன் புள்ள?" என்றாள் பெரியம்மாள். "உனக்கு அந்த எடம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"எனக்கு அந்த எடம் வாணாம்," என்று வெடித்தாள் மலர்விழி. "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? லீவு விட்டா எல்லாரும் மூட்ட கட்டிக்கினு போறாங்க. அந்த வெள்ளக்காரரு எங்க போவேன்னு கேட்டப்ப எனக்குச் சொல்றதுக்கு ஒரு ஊரு இல்ல. உன் வூடுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, சிரிச்சிட்டேன். ஓடலன்னா அவரு திரும்பிப் போயிடுவாரு, அப்பறம் நானே மாத்திக் குடுத்துடலாம்னு... உங்கப்பாவப் புடிப்பாங்கன்னு நெனக்கல பெரியம்மா. சொல்லணும்னு வந்தேன். வாய் வரல."

ராஜாம்பாள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை விடுமுறைகளில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இருந்திருக்கிறாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதுண்டு, எட்டிப் பார்த்ததில்லை.

பெரியம்மாள் மேசையிலிருந்த ஸ்பேனரை எடுத்து மலர்விழியிடம் நீட்டினாள். "நீயே மாத்து."

மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டாள். நட்டுகளைத் தளர்த்தி, நீலக் கம்பியின் இரு முனைகளையும் பழையபடி இடம் மாற்றி, முறுக்கி, மூடியைப் போட்டாள். தனகோட்டி சுவிட்சைத் தட்டினார். மோட்டார் ஒரே சீராகச் சுற்றியது. பெரியம்மாள் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மலர்விழியின் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணாயிரம் கிளம்பும்போது ராஜாம்பாள் கேட்டாள்: "போலீசுக்கு நான் இன்னா சொல்லட்டும் சார்?"

"மோட்டார் ஓடுது. இதுல போலீசுக்கு இன்னா இருக்கு? அந்தப் பொண்ண இன்னா பண்றதுன்னு நீங்கதான் பார்க்கணும். அது என் வேலை இல்லம்மா." செருப்பைத் திருப்பிக் கொடுக்க அவள் குனிந்தபோது வேண்டாமென்று கையசைத்துவிட்டு இறங்கிப் போனார். வக்கீல் பின்னாலேயே ஏதோ கேட்டபடி போனான்.

சாலை திறந்ததும் அதிகாரி வந்தார். மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரியம்மாளுக்குக் கைகொடுத்தார். பொங்கல் கழிந்து அவள் விமானம் ஏறினாள். போகிற வரைக்கும் மலர்விழியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதியில் தன் பாயைக் கூட வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மலர்விழியை ராஜாம்பாள் அனுப்பிவிடவில்லை. ஆனால் அந்தப் பெண் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். வாசலில் அம்மாசி உட்கார்ந்திருந்தால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

சித்திரையில் விடுமுறை விட்டார்கள். பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ராஜாம்பாள் ஒரு முடிவோடு மலர்விழியைத் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டாள் அவள். மறுநாளும் அதையே சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாசி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி விடுதி வாசலில் வந்து நின்றார். அன்று அவருக்குக் காவல் வேலை இல்லை.

"மலரு இருக்குதா டீச்சர்?"

ராஜாம்பாள் தயங்கியபடியே கூப்பிட்டாள். மலர்விழி வந்து கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

"வூட்டுக்கு வா புள்ள," என்றார் அம்மாசி. "சாமையரிசிச் சோறு ஆக்கினேன். ஒரு ஆளுக்கு ஆக்கத் தெரியல எனக்கு. ஜாஸ்தி ஆயிடுது."

"என்னையாங்க கூப்புடறீங்க?"

"பின்ன? இங்க வேற யாரு இருக்கா?"

மலர்விழி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பிறகு படியிறங்கினாள். இருவரும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு மலைப்பாதையில் நடந்தார்கள். நாய் முன்னால் ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் அம்மாசி நின்று திரும்பிப் பார்த்தார்.

"நீயுந்தான் டீச்சர்! இன்னா அங்கியே நின்னுக்கினு இருக்கற?"

ராஜாம்பாள் கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கி நடந்தாள்.